முன்கூட்டிக் கட்டிய ஆறு தவணை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று பொய் எழுதுவாய்.

நீ என் கணக்கில் போட்ட பணத்தை இன்று காலை உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, என் அரை நாள் வீணாகிறது. எனக்கு வேலை வைப்பதற்கென்றே அனுப்புகிறாயா?

அக்கா ஏன் போனை எடுப்பதில்லை என்று என்னோடு வேலை பார்க்கும் வாயாடியிடம் கேட்டாயாம். அவளுக்கு இஸ்திரி மெஷினில் கை ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடும். உடனே வந்து சொல்லிவிட்டாள். காரணத்தை நானே சொல்கிறேன். போனில் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும்.

உனக்கு மறதி அதிகம், அதனால் எழுதுகிறேன். சலவைக் கடை வைக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது உன்னை நம்பி ஒரு வங்கியும் கடன் தரவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நிரந்தர வேலை இருக்கிறது என்பதால் என் பேரில் தந்தார்கள். நீ ஜாமீன் கையெழுத்துப் போட்டாய். ஒரு மெஷின் போதும், கூட்டம் வந்தால் அடுத்ததை வாங்கலாம் என்றேன். மூன்று வாங்கினாய். கடை நொடித்ததும் மூன்றையும் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று கடை வாசலில் நான் உன்னைக் கேட்டது தெருவுக்கே கேட்டது. அந்த அவமானத்தில் நீ ஊரை விட்டுப் போனாய். கடன் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறது.

அன்று பேசியதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு சேதி. ஆஸ்பத்திரி எங்கள் பிரிவை மூடுகிறது. இனி துணியெல்லாம் லாரியில் ஏறி ஒரு கான்ட்ராக்ட்காரனிடம் போகுமாம். எங்களுக்குக் கணக்கு முடித்துக் கொஞ்சம் பணம் தருவார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். மெஷினோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, பொறுப்பாளர் வரை வந்தேன். போன வருஷம் எனக்கு மேலே டிப்ளமோ படித்த ஒருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இப்போது அவனுக்கும் நாற்காலி இல்லை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

பணம் அனுப்பாதே.

அக்கா

*

பிப்ரவரி 17

அக்கா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிழிக்கவில்லை.

பிரிவை மூடுகிறார்கள் என்பதைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் மனதில் ஏறவில்லை. அந்த அடித்தளத்து நீராவியில் இத்தனை வருஷம் நின்றாயே. ஆறுதல் சொன்னால் அதையும் திருப்பி அனுப்பிவிடுவாய்.

என் பக்கத்துச் சேதி சொல்கிறேன். கோடவுனில் இன்னும் தற்காலிகம்தான். லாரி வந்து நின்றதும் பெட்டிகளை எண்ணி, உடைந்ததைத் தனியாக ஒதுக்கிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தமாகக் கடை வைத்தவன் என்று ஆரம்பத்தில் சொல்லித் தொலைத்துவிட்டேன், இப்போது எல்லோரும் "முதலாளி, இந்தப் பெட்டியை அங்கே வையுங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேனேஜர் நல்ல மனுஷர். எந்தப் புகாரும் வராமல் இருந்தால் ஜூனில் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார். நிரந்தரமானால் சம்பளம் கூடும், பாப்பாவுக்கு மருத்துவச் செலவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அக்கா, கோபப்படாமல் ஒன்று கேள். கணக்கு முடித்து வரும் பணத்தை அப்படியே கடனில் கொண்டுபோய்ப் போட்டுவிடாதே. வேறு வேலை கிடைக்கும் வரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தவணைக்கும் கையில் இருக்கட்டும். இங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் இதைத்தான் சொன்னார். கடன் ஒரு பக்கம் இருந்தாலும் கையிருப்பு இல்லாமல் இருக்கக் கூடாதாம். கான்ட்ராக்ட்காரன் கூப்பிட்டால் இப்போதைக்குப் போயேன், வேறு கிடைக்கும் வரைக்கும்.

தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு.

தம்பி

*

மார்ச் 4

தம்பிக்கு,

மூன்று மெஷின் வாங்கியவன் எனக்குக் கையிருப்புப் பாடம் எடுக்கிறாய். அதுவும் உன் சொந்தப் புத்தி இல்லை, கணக்குப் பிரிவில் யாரோ சொன்னது. அவனுக்கு என் குடும்ப விஷயம் எதற்குத் தெரிந்தது?

பணம் வந்தது. வந்த மறுநாளே வங்கிக்குப் போனேன். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதி அத்தனையையும் கடனில் கட்டிவிட்டேன். சரியாக ஆறு தவணைக்கு வந்தது. சீட்டிலேயே "ஆறு மாதத் தவணை" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கவுன்டரில் ஒரு புதுப் பெண். "அம்மா, இதை எப்படி வரவு வைக்கணும்னா…" என்று ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும், நீ வரவு வை" என்றேன். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தெரியாதவள்தான்.

ஆக, ஆகஸ்ட் வரை என்னை ஒருவரும் கேட்க முடியாது. அதற்குள் ஒரு வேலை தேடிக்கொள்வேன். கான்ட்ராக்ட்காரன் ஆள் அனுப்பினான். பாதிச் சம்பளம். வேலை என்ன தெரியுமா? அவன் வெளுத்துக்கொண்டு வரும் போர்வையில் கிழிந்ததை எண்ணுவது. ரத்தக் கறைத் துணியை வெந்நீரில் போட்டுக் கறையை வேகவைத்து அனுப்புகிறான். அந்தப் போர்வையை நான் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் முடிவை வந்த ஆளிடமே சொல்லி அனுப்பிவிட்டேன். வாயாடி அவனிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். போகட்டும், அவளுக்கு வயசு இருக்கிறது.

பாப்பாவுக்கு என்ன மருத்துவச் செலவு? நீ எழுதவில்லையே.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

நீ கட்டியதும் நல்லதற்குத்தான். ஆறு மாதம் இரண்டு பேரும் மூச்சு விடலாம். உண்மையைச் சொன்னால், படித்ததும் எனக்கே தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு. குளிர் வந்தால் அதிகமாகிறது. பயப்படும்படி இல்லை, ஆனால் மருந்து தொடர்ந்து வாங்க வேண்டும்.

நீ திருப்பி அனுப்பிய பணத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கடைக்குச் சோப்புத் தூள் கொடுத்த வியாபாரிக்கு இன்னும் பாக்கி இருந்தது. அவரைத் தெருவில் பார்த்துவிடுவேனோ என்பதும் நான் ஊரை விட்டு வந்ததற்கு ஒரு காரணம், உன்னிடம் சொன்னதில்லை. அதை முழுதாகத் தீர்த்துவிட்டேன். போனில் அவர், "உங்க பணத்தை நான் எப்பவோ கைகழுவிட்டேன் தம்பி" என்றார். அப்படியே விட்டிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என் வீட்டில் சொன்னால் அடிப்பாள்.

இப்போது கையில் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் வரைதான் கவலை இல்லையே, அதற்குள் சேர்த்துவிடலாம்.

உனக்கு வேலை ஏதாவது தெரிந்ததா?

தம்பி

*

மே 11

தம்பிக்கு,

வேலையைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும்.

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்குப் போனேன். அங்கே என்னிடம் பேசியவள் சான்றிதழ் கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். வெளுப்பு மருந்தில் வெடித்துப் போன விரல்களை அவள் பார்த்துவிட்டு, "ஐயோ, க்ரீம் போடுங்கம்மா" என்றாள். அத்தோடு முடிந்தது. பெண்கள் விடுதி ஒன்றில் வயதைக் கேட்டார்கள். சொன்னேன். "உங்களுக்கு நாங்க வேலை சொல்ல எங்களுக்கே சங்கடமா இருக்கும்" என்றார்கள். என்ன மரியாதை பார்! மூன்றாவதாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தார்கள், நானே இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். டாக்டர் கோட்டுப் பையிலிருந்து எத்தனையோ ஊசியை எடுத்தவள் நான். அங்கே கோட்டுப் பையைப் பார்க்காமலே மெஷினில் போடு என்றார்கள், நேரம் போகிறதாம். மாட்டேன் என்றேன். அப்படியானால் போங்கள் என்றார்கள்.

இப்போது வீட்டிலேயே அக்கம்பக்கத்துத் துணிகளை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன். வாடகைக்கு வருகிறது. சாப்பாட்டுக்கு வரும் மாதமும் உண்டு.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. இதை வாயாடியிடம் சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வங்கிக்காரர்கள் வேறு சும்மா இல்லை. கட்டி முடித்த பிறகும் மாதாமாதம் உறை வருகிறது. இவர்கள் வாடிக்கை எனக்குத் தெரியும். ஒழுங்காகக் கட்டுகிறவள் என்றால் இன்னொரு கடனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஓர் உறையையும் பிரிக்கவில்லை. புதிதாக ஏதோ எண்ணிலிருந்து போனும் வருகிறது. உன்னையே எடுப்பதில்லை, அவர்களை எடுப்பேனா?

பாப்பாவுக்குக் காலையில் வெந்நீர் ஆவி பிடிக்க வை. ஆவி விஷயத்தில் மட்டும் என் பேச்சை நம்பலாம்.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

வங்கியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். நேற்று. மேனேஜரிடம் பேசியிருக்கிறார்கள். மூன்று தவணை நிற்கிறதாம். கடன்காரர் போனை எடுக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, ஆகவே ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடிக்க நேரிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்குக் கட்டிவிட்டதாக நீங்கள் எழுதினீர்கள். நம்பினேன். அதை நம்பித்தான் கையிலிருந்ததைக் கொண்டுபோய்ச் சோப்புத் தூள் வியாபாரிக்குக் கொடுத்தேன்.

இந்த வாரம்தான் எனக்கு நிரந்தர உத்தரவு வர வேண்டியது. மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீங்க பார்க்கிறது சரக்குப் பொறுப்பு. கடன் பாக்கின்னு போன் வந்த ஆளை நான் எப்படிங்க மேல பரிந்துரை பண்றது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. டிசம்பர் வரை தற்காலிகம்தான். அதுவரை பாப்பாவின் மருந்து என் கைக்காசில்.

வெளியே வந்தபோது பெட்டி ஏற்றுகிறவர்களில் ஒருவன், "என்ன முதலாளி, இனிப்பு எங்கே?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியாது, பாவம்.

நான் கடையைக் கெடுத்தது உண்மை. நீங்கள் வாசலில் நின்று கேட்டதும் நியாயம்தான். ஆனால் நான்கு தடவை பணம் அனுப்பினேன். நான்கு தடவையும் திருப்பி அனுப்பினீர்கள். கையில் வையுங்கள் என்று எழுதினேன், பரிகாசம் செய்தீர்கள். உங்களிடம் எதையும் கொடுக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை.

உறைகளைப் பிரித்துப் படியுங்கள்.

*

ஜூன் 22

தம்பிக்கு,

"நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். கையெழுத்துக் கூடப் போடவில்லை. சரி.

உறைகளைப் பிரித்தேன். பிறகு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் கண்ணாடி போட்ட ஒருவர். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அம்மா, நீங்க கட்டின பணம் மொத்தமும் கடன்ல கழிஞ்சிருச்சு. ஆனா மாசத் தவணை மாசாமாசம் வந்தாகணும்."

"ஆறு மாசத் தவணைன்னு எழுதித்தானே கொடுத்தேன்?"

"சீட்டுல எழுதினா ஆகாதும்மா. முன்கூட்டிக் கட்டினா கடன்தான் குறையும். அடுத்த மாசம் கட்ட வேண்டியது அப்படியே நிக்கும்."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"கவுன்டர்ல சொல்ல வந்தாங்களாம். எனக்குத் தெரியும்னு சொல்லிட்டீங்களாம்."

அந்தப் பெண் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நல்ல பெண்தான். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள்.

முறை தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தவளை, மூன்று மாதம் கட்டாதவள் என்று எழுதுகிற கணக்கு என்ன கணக்கு? அவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அந்தக் கணக்கு உன் மேனேஜர் மேசை வரைக்கும் போனது என்னால்தான். அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

உன் மேனேஜருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். எழுதிய பிறகு தபாலில் போடவில்லை. அக்கா எழுதிய சிபாரிசோடு வேலை பார்க்கிறவன் என்ற பேர் உனக்கு வேண்டாம்.

இனி நடக்க வேண்டியது. கடன் குறைந்திருப்பதால் தவணையைச் சிறியதாக மாற்றித் தருவார்கள், நின்ற மூன்று மாதத்தையும் அதிலேயே சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு எனக்கு மாதச் சம்பளம் வருகிறது என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டேன். கான்ட்ராக்ட்காரனிடம் சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. கிழிந்த போர்வை எண்ணுகிறேன். மேற்பார்வை யார் தெரியுமா? வாயாடி. "உன்னை மேடம்னு கூப்பிடவா, வாயாடின்னு கூப்பிடவா?" என்று கேட்டேன். "எண்ணிக்கை தப்பாம இருந்தா எப்படி வேணா கூப்பிடுக்கா" என்கிறாள். முதல் நாள் அவள் எனக்கு நாற்காலி போட்டாள். அதில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் வேண்டும். ஜாமீன்தாரர் நேரில் வந்து மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூன்று மாதத்துக்குப் பிறகு உன்னிடம் இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. எழுதுவதால் கேட்க முடிகிறது. போட மாட்டேன் என்றால் போடாதே. சம்பளத்தில் பிடிக்கட்டும் என்று விடாமல் என்னால் முடிந்த வரை பார்ப்பேன், ஆனால் பழைய தவணையை இந்தச் சம்பளத்தில் கட்ட முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எல்லாம் நீ அனுப்பும் பதிலைப் பொறுத்து இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். கையெழுத்து என்ற இடம் வந்ததும், "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. இனிமேல் தவணை தப்பினால் போன் அல்ல, சம்பளமே பிடித்தம்தான். கோடவுனில் அத்தோடு என் கதை முடிந்தது.

மூன்றாம் நாள் அவளே கேட்டாள், "உங்க அக்கா நாற்காலியில உட்கார்ந்துட்டாங்களா, நிஜமாவே?" என்று. அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

வந்து போடுகிறேன். ஆனால் இந்தத் தடவை நானும் சில விஷயம் சொல்ல வேண்டும். முதலில், புதுத் தவணையில் பாதி என்னுடையது. நேராகக் கடன் கணக்கிலேயே கட்டிவிடுவேன், உன்னால் திருப்பி அனுப்ப முடியாது. எங்கள் கணக்குப் பிரிவு ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆமாம், மறுபடியும் அவரிடம்தான்.

பிறகு, மூன்று தவணைக்கான பணம் தனியாகச் சேரும் வரை கடனில் ஒரு காசு கூட அதிகமாகக் கட்டக் கூடாது. நீயும் போடு, நானும் போடுகிறேன். வேலை போனாலும், பாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனாலும், தவணை நிற்கக் கூடாது. சீக்கிரம் அடைத்துத் தலை முழுகிவிட வேண்டும் என்று உனக்கு இருக்கும். எனக்கும்தான். ஆனால் அவசரப்பட்டது போதும் அக்கா, எனக்குக் களைப்பாக இருக்கிறது.

பேனாவை எடுக்கும்போது பயமாகத்தான் இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் தேதி விடுப்புக் கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லாத விடுப்பு.

தம்பி

*

ஜூலை 5

தம்பிக்கு,

பாதி கிடையாது. மூன்றில் ஒரு பங்கு. கடன் உனக்காக வாங்கியதுதான், ஆனால் பேர் என்னுடையது. உனக்கு மருந்து வாங்க வேண்டிய பிள்ளை இருக்கிறது. எனக்கு ஒரு வயிறு. இதில் பேரம் பேசாதே, வந்து நின்று பேசினாலும் இதேதான்.

தனியாகச் சேர்ப்பதற்கு ஒப்புக்கொள்கிறேன். உன் கணக்குப் பிரிவு ஆள் சொன்னதால் இல்லை. நேற்று எண்ணிக்கொண்டே இருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாயாடி தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் போ, கூலி பிடிக்க மாட்டேன் என்றாள். போகவில்லை. ஆனால் ஒரு மாதம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு உன் பக்கம்தான் வந்தது. முதல் மாதப் பங்கை நேற்றே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சின்னத் தொகை. எழுதினால் சிரிப்பாய், நேரில் பார்த்துக்கொள்.

புதுப் பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு ராத்திரி படித்தேன். புரியாத நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பத்தாம் தேதி கண்ணாடிக்காரர் அந்த நான்கையும் உனக்கும் எனக்கும் சேர்த்து விளக்கிச் சொல்லட்டும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அது முடிந்த பிறகு நீ பேனாவை எடுத்தால் போதும். அப்போதும் பயமாக இருந்தால் எடுக்காதே, இருவரும் எழுந்து வந்துவிடுவோம்.

உன் வீட்டுக்காரியிடம் சொல், உட்கார்ந்தது நிஜம்தான்.

ராத்திரி வண்டியில் வந்தால் விடியும்போது இறங்குவாய். வங்கி பத்து மணிக்குத்தான் திறக்கும். அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்காமல் நேராக வீட்டுக்கு வா. இருப்பது ஒரு கட்டில். அதில் நீ படு. வண்டியில் தூங்கியிருக்க மாட்டாய்.

ஒன்பதரைக்கு எழுப்புகிறேன். அதுவரை கடனைப் பற்றி நீயும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன்.

அக்கா